பழைய எஃப் 1.2 லென்ஸ்கள் ஏன் இந்த விலைக்குப் போகின்றன, இப்போது வாங்கலாமா?

தண்டையார்பேட்டையில் கல்யாண வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் சோனி ஏ7 III இருக்கிறது. பர்மா பஜார் பக்கம் தெரிந்த ஒருவரிடம் கேனான் எஃப்டி 50 எம்எம் எஃப் 1.2 எல் லென்ஸ் (எஃப்டி என்பது கேனானின் பழைய, கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் வரிசை, எல் என்பது அதில் உயர்ந்த வகை) வந்திருக்கிறது, 65,000 ரூபாய் சொல்கிறார். இதே லென்ஸ் சில வருடங்களுக்கு முன்னால் பாதி விலைக்குப் போனதாகக் கேள்வி, ஏன் இப்படி ஏறியது, இன்னும் ஏறுமா, கடன் வாங்கியாவது இப்போதே எடுத்துவிடவா என்கிறார்.

தம்பி, கடன் வாங்கி எடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன். கையில் பணம் இருந்து, லென்ஸும் சுத்தமாக இருந்து, அந்த லென்ஸ் தரும் படம்தான் வேண்டும் என்று தெரிந்து வாங்கினால் அது வேறு விஷயம். 'ஏறிக்கொண்டே போகிறதே, இப்போது விட்டால் கிடைக்காதே' என்ற பயத்தில் வாங்கிய லென்ஸ்கள் நான் பார்த்தவரை பீரோவில்தான் கிடக்கின்றன. இந்த 65,000-ல் வெளிச்சத்துக்கு என்று நீங்கள் கொடுப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை என்பதற்கான விலை. வெளிச்சம் மட்டும் போதும் என்றால் அது இன்றைக்குக் கிடைக்கிற விலைக்கு எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

கணக்கைப் பார்ப்போம். எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் வாசல் பெரிதாகும். 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 என்றால் ஒளி நுழையும் வாசல் சுமார் 28 மில்லிமீட்டர், எஃப் 1.4 என்றால் 36, எஃப் 1.2 என்றால் 42. பரப்பளவை வைத்துப் பார்த்தால் 1.8-ஐவிட 1.2-ல் இரண்டேகால் மடங்கு வெளிச்சம் வருகிறது, அதாவது ஒரு ஸ்டாப்பும் சொச்சமும் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப்). 1.4-க்கும் 1.2-க்கும் நடுவில் வித்தியாசம் அரை ஸ்டாப்கூட இல்லை. பிலிம் காலத்தில் இந்த அரை ஸ்டாப்புக்குப் பெரிய மதிப்பு இருந்தது, ஏனென்றால் 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) ரோலே வேகமான ரோல் என்று பேர், அதைத் தள்ளி டெவலப் செய்தால் மணல் கொட்டியது மாதிரி வரும். உங்கள் ஏ7 III 6400-ல் சுத்தமாகக் கொடுக்கிறது. 1.8 லென்ஸ் போட்டு 6400-ல் எடுப்பதை 1.2 லென்ஸ் போட்டால் 2800-ல் எடுக்கலாம், அவ்வளவுதான் லாபம், வீட்டுக்காரர்கள் ஆல்பத்தில் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆக, எந்தக் காரணத்துக்காக இந்த லென்ஸ்களைச் செய்தார்களோ அந்தக் காரணம் பெரும்பாலும் தீர்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் விலை ஏறியிருக்கிறது.

ஏன் என்றால், எஃப்டி லென்ஸின் கதையைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். கேனான் 1987-ல் இஓஎஸ் கேமராக்களைக் கொண்டுவந்தபோது லென்ஸ் மாட்டும் மவுன்டையே மாற்றிவிட்டது. பழைய எஃப்டி மவுன்டில் லென்ஸின் பின்பக்கத் தட்டிலிருந்து பிலிம் வரைக்கும் 42 மில்லிமீட்டர், புதிய ஈஎஃப் மவுன்டில் 44. இந்த 2 மில்லிமீட்டர்தான் எல்லா வினையும். எஃப்டி லென்ஸை இஓஎஸ் பாடியில் வைத்தால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது, ஆகவேண்டுமென்றால் நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் போடவேண்டும், அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுத்துவிடும். அதனால் இருபது வருடத்துக்கும் மேலாக எஃப்டி லென்ஸ்கள் அனாதையாகக் கிடந்தன. ஏஇ-1 பிலிம் கேமராவோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் போதும் என்று கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் 2008-ல் பானாசோனிக் ஜி1 வந்தது, 2010-ல் சோனி நெக்ஸ், 2013-ல் சோனி ஏ7. இவை உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் என்பதால் சோனி ஈ மவுன்டில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர்தான். 42-ல் 18 போனால் 24, அந்த 24 மில்லிமீட்டருக்கு உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெறும் குழாய் போதும். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க் குழாய். அதை மாட்டினால் அந்த லென்ஸ் என்ன கொடுக்க வேண்டுமோ அதை அப்படியே முழு ஃபிரேமுக்கும் கொடுக்கிறது. ஃபோகஸ் ஆன இடத்தைக் கலர் போட்டுக் காட்டும் பீக்கிங்கும் வந்துவிட்டது. அனாதையாகக் கிடந்த லென்ஸுக்கு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் வந்தது அப்படித்தான். 2018-ல் கேனானும் நிக்கானும் தங்கள் முழு ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களோடு வந்தபிறகு கேட்பவர்கள் இன்னும் பெருகிவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் சினிமா. கேனான் 1970-களில் கே35 என்று ஒரு சினிமா லென்ஸ் செட் செய்தது. அந்த மென்மையான, லேசாகப் பூத்த மாதிரியான வெளிச்சம் டிஜிட்டல் சென்சாரின் வறட்டுத் துல்லியத்துக்கு நல்ல மருந்து என்று கேமராமேன்கள் கண்டுபிடித்தார்கள். கே35 செட்டின் விலை பெரிய வாடகைக் கம்பெனிகளுக்குத்தான் கட்டும். அதே குடும்பத்துக் கண்ணாடி எஃப்டி ஸ்டில் லென்ஸ்களில், அதிலும் ஆஸ்பெரிக்கல் (முழுக் கோள வளைவாக இல்லாமல் இழைத்த கண்ணாடி), எல் வகைகளில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆட்கள் செட் செட்டாகத் தேட ஆரம்பித்தார்கள். வாங்கி, பழைய உடம்பைக் கழற்றிப்போட்டு, கண்ணாடியை மட்டும் எடுத்து, சினிமாவுக்கு ஏற்ற பெரிய உலோக உடம்பில் மாற்றுகிறார்கள். இது வெளிநாட்டில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அப்படி மாற்றிய லென்ஸ் மறுபடி ஸ்டில் மார்க்கெட்டுக்குத் திரும்பி வராது. சாதாரணமாக ஒரு லென்ஸ் கை மாறிக்கொண்டே இருக்கும், இது ஒருவழிப் பாதை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பு குறைகிறது. வடபழனி, சாலிக்கிராமம் பக்கம் சின்ன பட்ஜெட் படம் செய்யும் பையன்கள்கூட இன்றைக்குப் பழைய லென்ஸ் வாடகைக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டும் நியாயமான காரணங்கள். வெறும் ஃபேஷனால் ஏறியதும் இருக்கிறது. சோவியத் ஹீலியோஸ் 44-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 58 எம்எம் எஃப் 2, ஜெர்மன் ட்ஸைஸ் பயோட்டாரைப் பார்த்துச் செய்தது. லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள், ஜெனிட் கேமராவோடு இலவச இணைப்பு மாதிரி வந்த லென்ஸ். பின்னால் இலைகள் சுழல்வது மாதிரி வருகிறதே, அந்த ஒரு விஷயத்தால் ரீல்ஸ் காலத்தில் மவுசு வந்துவிட்டது. 2022-ல் போர் தொடங்கியபிறகு ரஷ்யாவிலிருந்து நேராக வாங்குவது ஏறக்குறைய நின்றுபோனதும் ஒரு சாக்கு ஆயிற்று. ஹீலியோஸ் 44-ஐ 'ரேர் பீஸ்' என்று சொல்லி விற்பவரிடம் அடுத்த கேள்வியே கேட்காமல் வந்துவிடுங்கள். அதே பெயரில் உள்ள ஹீலியோஸ் 40, 85 எம்எம் எஃப் 1.5, அது வேறு, அது நிஜமாகவே பெரிய லென்ஸ், கனமும் ஜாஸ்தி.

உண்மையான அரிது எது என்றால், லைக்கா 1966-ல் கொண்டுவந்த முதல் நாக்டிலக்ஸ் 50 எம்எம் எஃப் 1.2. இரண்டு ஆஸ்பெரிக்கல் பரப்புகள், கையால் இழைத்தவை, மொத்தம் 2,000-க்கும் குறைவாகத்தான் செய்தார்கள். அதற்கடுத்து நிக்கான் 1977-ல் செய்த நாக்ட் 58 எம்எம் எஃப் 1.2, அதிலும் முன் கண்ணாடியைக் கையால் இழைத்தார்கள். எதற்கு அந்தப் பாடு என்று காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் படம் எடுத்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். படகுகளின் மேலேயும் ஷெட்டிலேயும் பளீரென்று விளக்குகள், மற்ற இடமெல்லாம் இருட்டு. சாதாரண எஃப் 1.2 லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தால் ஃபிரேமின் ஓரத்தில் இருக்கும் விளக்கு ஒவ்வொன்றும் றெக்கை விரித்த பறவை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும், கோமா என்பார்கள். நடுவில் இருக்கும் மீன்காரம்மா முகம் நன்றாக இருக்கும், மேலே விளக்கு வரிசை முழுக்கப் பறவைக் கூட்டம். நாக்ட் செய்ததே விளக்கை விளக்காகவே, புள்ளியாகவே கொண்டுவர. அந்தக் கையிழைப்பு வேலையை இன்றைக்கு அந்த விலையில் யாரும் செய்யமாட்டார்கள். இதோடு இன்னொன்று, 1990-களில் சுற்றுச்சூழல் காரணமாக ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த கண்ணாடி வகைகளைக் கம்பெனிகள் கைவிட்டன. பழைய வரைபடம் கையில் இருந்தாலும் அதே கண்ணாடி இல்லை. நிக்கான் 2019-ல் இதே நாக்ட் பெயரை வைத்து 58 எம்எம் எஃப் 0.95 கொண்டுவந்தபோது அறிமுக விலை 8,000 டாலர், எடை 2 கிலோ. நேர்த்தியில் பழசு அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் பழசின் விலை குறையவில்லை, ஏனென்றால் அதை வாங்குகிறவர் நேர்த்திக்காக வாங்கவில்லை.

அப்புறம் நம் ரூபாய். 2010-ல் 45 ரூபாய் பக்கம் இருந்த டாலர் 2022-ல் 80-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 400 டாலருக்கு விற்ற லென்ஸ் அங்கே ஒரு காசுகூட ஏறாவிட்டாலும் இங்கே 18,000-லிருந்து 32,000 ஆகிவிடும். இங்கே இருக்கும் விற்பனையாளர் போனைத் திறந்து வெளிநாட்டு விலையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார், அதுவும் விற்ற விலையைப் பார்ப்பதில்லை, எவனோ ஒருவன் ஆசைப்பட்டுப் போட்டுவைத்திருக்கும் விலையைப் பார்க்கிறார். நம் ஊரில் இருப்பும் குறைவு. அந்தக் காலத்தில் சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் கொண்டுவந்து பர்மா பஜாரில் இறங்கிய கேமராக்களோடு பெரும்பாலும் 50 எம்எம் எஃப் 1.8-தான் வரும், 1.2 வாங்கி வந்தவர் ஸ்டூடியோ வைத்திருப்பவராகவோ வசதிக்காரராகவோ இருப்பார். ஜப்பானில் யென் விழுந்து கிடக்கிறது, அங்கிருந்து வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்ந்தால் லாபம் மெலிந்துவிடும், பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடும் இருக்கிறது, சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். அங்கே போய்வரும் சொந்தக்காரர் இருந்தால் அது தனி.

எல்லாமே ஏறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கேனானின் ஈஎஃப் மவுன்ட் எல் லென்ஸ்கள் இறங்கியிருக்கின்றன, ஏனென்றால் ஸ்டூடியோக்காரர்கள் கேனானின் மிரர்லெஸ் மவுன்டான ஆர்எஃப்புக்கு மாறும்போது மொத்தமாக வெளியே தள்ளுகிறார்கள். ஈஎஃப் 85 எம்எம் எஃப் 1.2 எல் II ஒரு காலத்தில் கல்யாணக் கேமராக்காரர்களின் கனவு, இப்போது நல்ல விலைக்கு வருகிறது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, அந்த லென்ஸின் ஃபோகஸ் வளையம் கண்ணாடியை நேராக நகர்த்தாது, மோட்டார் வழியாகத்தான் நகர்த்தும். கேமராவில் மாட்டிக் கரண்ட் போகாவிட்டால் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் நடக்காது. மோட்டார் போய்விட்டால் கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது, உதிரிபாகம் கிடைப்பதும் வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. 1989-ல் வந்த 50 எம்எம் எஃப் 1.0 எல்லும் இதே மாதிரிதான், அதை ஆறு இலக்கத்தில் வாங்கி மோட்டார் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எஃப்டி லென்ஸில் அந்தப் பயம் இல்லை, எல்லாம் பித்தளையும் அலுமினியமும் கிரீஸும்தான், தெரிந்த ஆள் பிரித்துச் சரிசெய்துவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இது வடசென்னையில் இருப்பவர்களுக்கு. வெளிநாட்டில் போடும் விலை வெயிலும் குளிருமாகக் காய்ந்த ஊரில் பெட்டிக்குள் இருந்த லென்ஸுக்கான விலை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் முப்பது நாற்பது வருடம் வீட்டு பீரோவில், அதுவும் தோல் பையோடு இருந்த லென்ஸுக்கு அதே விலையைக் கொடுக்கக் கூடாது. ஃபங்கஸுக்குத் தேவையான ஈரம் நம் காற்றில் வருடம் முழுக்க இருக்கிறது, தோல் பை அதற்கு விருந்து. கடலோரத்தில் உப்பும் சேர்ந்து ஸ்க்ரூக்களை அரிக்கும். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் இருக்கிறது, அது ஃபோகஸ் வளையத்துக்குள் போய்விட்டால் திருப்பும்போது நறநறவென்று கைக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வீட்டில் தரைதளம் மூழ்கியது என்று உங்களுக்கே தெரியும், அந்தத் தண்ணீரில் கிடந்து துடைத்துக் காயவைத்த லென்ஸ்களும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீர் நின்று வற்றிய கோடு, மவுன்ட் ஸ்க்ரூக்களில் பச்சையோ துருவோ, உள்ளே மண் நிறத்தில் படிவு, இதில் எது இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், என்ன விலை சொன்னாலும் சரி.

பார்க்கும் முறை இதுதான். கடைக்கு உங்கள் பாடி, அடாப்டர், போன் மூன்றையும் எடுத்துப் போங்கள். எஃப்டி லென்ஸைத் தனியாகக் கையில் வைத்து அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் ஒளி வாசலைச் சுருக்கும் இலைகள் அசையாது, பழுது என்று நினைத்துவிடாதீர்கள், அடாப்டரில் மாட்டி அதன் வளையத்தை லாக் பக்கம் திருப்பினால்தான் வேலை செய்யும். முழுசாகத் திறந்துவிட்டு, போன் டார்ச்சைப் பின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, முன்னாலிருந்து நேராகப் பார்க்காமல் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும், சாய்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வேர் மாதிரி கிளைவிட்டு ஓடினால் ஃபங்கஸ். நரம்பு எதுவும் இல்லாமல் பால் ஊற்றிக் கழுவின டம்ளர் மாதிரி ஒரே சீராக மங்கியிருந்தால் ஹேஸ், பழைய கிரீஸ் ஆவியாகிக் கண்ணாடியில் படிவது. ஓரத்தில் எண்ணெய் மிதப்பது மாதிரி வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம், அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம், வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், நாற்பது வருட லென்ஸில் தூசி இல்லையென்றால்தான் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இலைகளில் எண்ணெய் மினுமினுக்கிறதா, ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த எல் லென்ஸில் ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடிக் கூட்டங்களுக்கு நடுவில் இடைவெளி மாறும், தெரியாதவர் பிரித்துப் பூட்டியிருந்தால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கியும் வரும். சுவரில் ஒட்டிய போஸ்டரை நேராக நின்று எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை, பலர் செய்வதில்லை. சாயங்காலம் போங்கள். தூரத்தில் இருக்கும் ஒரு தெருவிளக்கைப் பார்த்து, ஃபோகஸைப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, விளக்கு ஒரு பெரிய வட்டமாகப் பூக்கும்வரை மங்கலாக்கி ஒரு படம் எடுங்கள். அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடியில் உள்ள ஃபங்கஸ் தழும்பு, ஆழமான கீறல், பெரிய தூசி எல்லாம் அந்த வட்டத்துக்குள் நிழலாக அப்படியே விழுந்திருக்கும். 'சர்வீஸ் பண்ணியாச்சு, புதுசு மாதிரி' என்று சொன்ன லென்ஸில் கோட்டிங்கை ஃபங்கஸ் தின்றுபோன வடு இருந்தால் டார்ச்சில் தப்பித்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். போக்கேவுக்காகவே, அதாவது பின்னணி மங்கிப் பூப்பதற்காகவே வாங்கும் லென்ஸில் போக்கே வட்டத்துக்குள் வேர் ஓடினால் வாங்கி என்ன பயன்?

மஞ்சள் அடித்த லென்ஸுக்கு மட்டும் பயப்படாதீர்கள். பென்டாக்ஸ் சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4-ன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வருடம் போகப் போக டீ நிறம் ஆகிவிடும். புறஊதா வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் தெளியும். நம் மாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே கிரீஸ் உருகி இலைகளில் ஏறிவிடும், காலை வெயிலோடு உள்ளே எடுத்துவிடவேண்டும். இந்த லென்ஸ்கள் இன்னும் நியாயமான விலையில் கிடைப்பவை, பழைய லென்ஸ் ருசி எப்படி என்று பார்க்க நினைப்பவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

உங்கள் வேலைக்கு வருவோம். 50 எம்எம் எஃப் 1.2-ஐ முழுசாகத் திறந்து ஒன்றரை மீட்டரில் நிற்பவரை எடுத்தால் ஃபோகஸில் இருப்பது மொத்தமே ஆறரை சென்டிமீட்டர் சுமார். 85 எம்எம் எஃப் 1.2 என்றால் அதே தூரத்தில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், கண் கூர்மையாக இருந்தால் மூக்கு நுனி போய்விடும். இதில் கையால் ஃபோகஸ். தாலி கட்டும்போது என்ன நடக்கும்? மேளம் உச்சத்தில் போகும், நாலா பக்கமும் அட்சதை பறக்கும், மாப்பிள்ளை குனிவார், பொண்ணுக்குப் பின்னால் நாத்தனார் கை நீளும், யாரோ ஒரு மாமா செல்போனோடு குறுக்கே வருவார், எல்லாம் சில வினாடி. அந்த நேரத்தில் பீக்கிங் பார்த்து வளையம் திருப்பிக்கொண்டிருந்தால் அந்தப் படம் போயிற்று, அதை மறுபடி கட்டச்சொல்ல முடியாது. முகூர்த்தத்துக்கு ஆட்டோ ஃபோகஸ்தான். சோனி எஃப்ஈ 85 எம்எம் எஃப் 1.8 ஒன்று போதும், கண்ணைப் பிடித்தால் விடாது. எஃப்டி லென்ஸ் உங்களுக்கு உதவுவது முந்தின நாள் அவுட்டோரில், மெஹந்தி நேரத்தில், பொண்ணு தனியாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை விளக்குகளுக்கு முன்னால் ஜோடியை நிறுத்தி நிதானமாக எடுக்கும்போது. அங்கே அது தரும் தோல் நிறமும் அந்த மெல்லிய பூப்பும் எந்தப் புது லென்ஸிலும் வராது, நான் அதை மனசாரச் சொல்வேன். 380 கிராம்தான் எடை, கழுத்தும் வலிக்காது.

எஃப் 1.2-ம் வேண்டும், ஆட்டோ ஃபோகஸும் வேண்டும் என்றால் சோனியின் 50 எம்எம் எஃப் 1.2 ஜிஎம் இருக்கிறது, 2021-ல் வந்தது, அறிமுக விலை 2,000 டாலர். சிக்மா 2024-ல் அதே 50 எம்எம் எஃப் 1.2-ஐ 1,400 டாலருக்குக் கொண்டுவந்தது, இதுவும் ஈ மவுன்டில் உண்டு. ஒன்றிரண்டு சீஸன் வேலை செய்து சேர்த்து இதை வாங்கினால் போட்ட காசை அது திருப்பிக் கொடுக்கும், எஃப்டி 1.2 கொடுக்காது. கையால் ஃபோகஸ் செய்வதே பிடிக்கும், முழுசாகத் திறந்து விளையாட வேண்டும், அவ்வளவுதான் என்றால் சீனக் கம்பெனிகள் எஃப் 0.95 வரைக்கும் செய்கின்றன, மிடாக்கான் 2014-லேயே சோனிக்கு 50 எம்எம் 0.95 கொண்டுவந்துவிட்டது. டிடிஆர்டிசான், முழு ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு ஒரு 50 எம்எம் எஃப் 1.2-ஐ நூறு டாலருக்கு விற்க ஆரம்பித்தது. வெளிச்சம் மலிவாகிவிட்டது என்று மேலே சொன்னேனே, இதைத்தான்.

இன்னும் ஏறுமா என்ற கேள்விக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். லைக்கா, நாக்ட் மாதிரி எண்ணிக்கையில் குறைந்தவை இறங்காது. எஃப்டி எல் வகைகள் சினிமாக்காரர்கள் கேட்கிறவரை இந்த விலையிலேயே நிற்கும், மெதுவாக ஏறவும் செய்யும். ஹீலியோஸ், சாதாரண 1.4 வகைகளில் காற்று அடித்த உயரம் அதிகம், ஃபேஷன் மாறினால் இறங்கும். ஆனால் விலை ஏறுவதை நம்பி வாங்கிவைப்பதென்றால் ஈரத்தோடு தினம் மல்லுக்கட்ட வேண்டும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கிற மாதிரி டிரை கேபினட், அதற்கு வசதி இல்லையென்றால் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நீல ஜெல் ரோஸ் ஆனதும் சூடுபடுத்திக் காயவைக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி. ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்தால் போதும், ஏறிய விலையைவிட அதிகமாக இறங்கிவிடும்.

அந்த 65,000 லென்ஸைப் பொறுத்தவரை, முதலில் அது எல் வகைதானா என்று பாருங்கள். அதே காலத்தில் கேனான் எல் இல்லாத 50 எம்எம் எஃப் 1.2-ம் செய்தது, ஆஸ்பெரிக்கல் கண்ணாடி இல்லாதது, அதன் விலை ஏறக்குறைய பாதி. 'எஃப்டி 1.2' என்று மட்டும் சொல்லி எல் விலைக்கு அதை விற்பது சகஜம். எல்லில் முன்பக்கம் சிவப்பு வளையம் இருக்கும், பெயரிலேயே எல் எழுத்தும் பொறித்திருக்கும். அது எல்தான், டார்ச்சிலும் தெருவிளக்கிலும் சுத்தம், மூலைகள் நான்கும் சரி என்றால் 55,000 வரைக்கும் பேசிப் பாருங்கள், முன்மூடி, பின்மூடி இல்லையென்றால் அதையும் சொல்லிக் குறைக்கலாம். லேசான ஹேஸ் மட்டும் என்றால் சர்வீஸ் ஆளிடம் முதலில் என்ன ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையையும் அதற்கு மேல் ஒரு ஐந்தாயிரமும் கழித்துச் சொல்லுங்கள். எல் இல்லாதது என்றால் 30,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பாடியில் மாட்டிப் பார்க்கவே விடமாட்டேன் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். போய்ப் பார்த்துவிட்டு அந்த விளக்குப் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.